நீ அடித்ததால் வந்ததல்ல

போன கார்த்திகை மாதம் நம்ம ஸ்கிராப் யார்டில், எடைமேடைக்குப் பக்கத்தில் வைத்து, நீ என்னை இரும்புக் குழாயால் வலது விலாவில் அடித்தாய். ஒரே அடி. இரண்டு எலும்பு விரிசல் விட்டது. கல்லீரல் கிழிந்திருக்குமோ என்று பயந்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் கிழியவில்லை. ஆனால் அதில் ஐந்து கட்டிகள் இருந்தன. அது பெருங்குடலில் தொடங்கி கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் என்று பத்து நாளில் உறுதியானது. நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஊரில் நீ கேட்டதெல்லாம் நான் கிளப்பிவிட்டது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அடித்த அடிதான் உள்ளே கட்டியாகி, கட்டி புற்றாகிவிட்டது என்று மணிமங்கலத்தில் உன் மாமா வீடு வரைக்கும் பேச்சு இருக்கிறதே, அதை ஆரம்பித்தவன் நான். ரிசல்ட் வந்த அன்றைக்கே அறுவை செய்கிற டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இது வருஷக்கணக்காக உள்ளே வளர்ந்தது, அடிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, அந்த ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் முற்றிய பிறகுதான் தெரிந்திருக்கும் என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் பார்க்க வந்த உன் மாமாவிடம், பெத்த புள்ள கையால வந்த நோவு இது, யார்கிட்ட போய் சொல்றது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தெரிந்தே சொன்னேன். எழுந்து உட்காரவே ஒருத்தர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்த நேரத்தில் உன்னைத் திருப்பி அடிக்க என்னிடம் இருந்தது அந்த வாய் ஒன்றுதான். அடி சரியான இடத்தில் விழுந்தது என்று எனக்கு உங்கம்மா மூலமாகத் தெரிந்தது. நீ வீட்டை விட்டுப் போய்க் கம்பெனி வேலையில் சேர்ந்து, சுங்குவார்சத்திரத்தில் தென்காசிப் பையன்கள் நான்கு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறாய், ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிடாமல் உன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று வந்து சொன்னாள். கேட்டதும் முதலில் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். நான் பிறர் எலும்பை உடைத்திருக்கிறேன். ஆனால் ஆயுசில் நான் செய்ததிலேயே கேவலமான அடி அந்தப் பொய்தான்.

இப்போது ரத்தத்தின் கதைக்கு வருகிறேன். அந்தக் கார்த்திகைக்கு முந்தின வருஷம் சித்திரையிலேயே மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. மூலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மோர் குடித்தேன், காரத்தைக் குறைத்தேன், வாலாஜாபாத்தில் ஒருவரிடம் லேகியம் வாங்கித் தின்றேன். வீட்டுக் கக்கூஸில் உங்கம்மா கண்ணில் பட்டுவிடும் என்று விடிந்ததும் யார்டுக்குப் போய்விடுவேன். முப்பது வருஷமாக வெள்ளை வேட்டி கட்டியவன் திடீரென்று கறுப்பு பேண்ட்டுக்கு மாறியது உனக்கு ஞாபகம் இருக்கும். அம்பத்தெட்டு வயசுல பேண்ட்டு கேக்குது உங்கப்பனுக்கு, எவளுக்குக் காட்டவோ என்று உங்கம்மா கிண்டல் செய்தாள், நீயும் சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். வேட்டியில் கறை தெரியும், கறுப்பில் தெரியாது. விஷயம் அவ்வளவுதான்.

ஏன் மறைத்தேன் என்று டாக்டரம்மா கேட்டபோது மூலம் என்று நினைத்தேன் என்றேன். நிஜக் காரணம் உனக்குச் சொன்னால் புரியும். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டை நாம் பதினோரு வருஷமாகக் கையில் வைத்திருக்கிறோம். உள்ளே விழுகிற தகடு, துண்டு, துருவல் எல்லாம் நம்ம லாரியில்தான் வெளியே வரும். காகிதத்தில் அது டெண்டர். ஆனால் வேறு யாரும் விலை எழுதாமல் இருப்பதுதான் டெண்டரின் சூட்சுமம். அந்தக் கேட்டுக்கு முதல் வருஷம் விலை எழுத வந்தவனின் கையை நான் லாரியின் பின்கதவில் வைத்துச் சாத்தினேன். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. முதல் முறையே எலும்பு போய்விட்டது, இரண்டாவது பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்காக. அதற்குப் பிறகு அந்தக் கேட் பக்கம் ஒருத்தன் வரவில்லை. பயம்தான் என் முதல். அது உடம்பில் இருக்கிறது, பேங்கில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒருத்தருக்குச் சர்க்கரையில் கால் விரலை எடுத்தார்கள் என்று சேதி வந்த வாரமே அவருடைய கேட்டை நான் போய்ப் பிடுங்கியவன். அவர் ஊன்றுகோலோடு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆக, எனக்கு நோய் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் செய்ததைத்தான் மற்றவனும் செய்வான். அதனால் பத்தொன்பது மாதம் ரத்தத்தை மறைத்தேன். எந்த எதிரியும் என்னை அவ்வளவு தூரம் வெட்டியிருக்க முடியாது.

யார்டு கக்கூஸில் ரத்தத்தைப் பார்த்தது ஏழுமலை. எடைமேடையில் முப்பது வருஷமாக உட்காருகிறவன், உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன். நான்கைந்து தடவை பார்த்துவிட்டுத்தான் உங்கம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் என்னைக் கேட்டாள். நான் வீட்டிலிருந்து யார்டுக்கு வண்டி ஓட்டிய அந்தக் கால் மணி நேரத்திலேயே, அவன் வெளியிலும் சொல்லிவிட்டான், கேட்டை எதிராளிக்கு விற்றுவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. கிடந்த லாரி பெல்ட்டை எடுத்து முகத்தில் முதல் வீச்சு வீசினேன். காது மடல் கிழிந்தது. கீழே விழுந்தவனை முதுகில், தொடையில், தலையை மூடிய கைவிரல்களில் அடித்துக்கொண்டே இருந்தேன். அவன் திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. அண்ணே, டாக்டர்கிட்ட போண்ணே, டாக்டர்கிட்ட போண்ணே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அது எனக்கு இன்னும் வெறியேற்றியது. போதும் போதும் என்று நீ மூன்று முறை சொன்னாய். என் கையைப் பிடித்தாய், உன்னையும் உதறித் தள்ளினேன். நீ கவிழ்ந்த இடத்தில் அந்தக் குழாய் கிடந்தது. அப்புறம் நடந்தது முதல் பத்தியில் இருக்கிறது. நீ அடிக்காவிட்டால் அன்றைக்கு ஏழுமலை செத்திருப்பான். அவன் செத்திருந்தால் நான் இன்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், ஜெயிலில் ரத்தம் போகக் கிடந்திருப்பேன். ஆக நீ ஒரே அடியில் இரண்டு பேரைக் காப்பாற்றினாய். அப்பன் மேல் கை வைத்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் யோக்கியதை இல்லை.

உனக்குப் பதினோரு வயதில் காலில் ஆணி ஏறியது. யார்டுக்குள் செருப்பில்லாமல் வராதே என்று நான் சொல்லியிருந்தேன், அடிப்பேன் என்ற பயத்தில் நீ நான்கு நாள் சொல்லாமல் நொண்டிக்கொண்டு இருந்தாய். சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது. ஊசி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து, ஏண்டா மறைச்சே என்று கேட்டு ஒயரால் அடித்தேன். குறுக்கே வந்த உங்கம்மாவுக்கு முன்பல் போனது. அந்தப் பல்லைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, படியில் விழுந்தேன் என்றுதான் அவள் இன்று வரை பிறரிடம் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு இது உறைத்தது. இந்த வீட்டில் ஒவ்வொருவரும் வலியை மறைக்கப் பழகியிருக்கிறோம். மறைத்தால்தான் அடி விழாது. சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். கடைசியில் அந்தப் பாடத்தில் நானே முதல் மார்க் வாங்கினேன்.

வைத்தியம் என்ன என்று நீ உங்கம்மாவிடம் துருவித் துருவிக் கேட்கிறாயாம். அவளுக்குப் பாதிதான் புரிந்தது, நானே சொல்கிறேன். நான் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, வைத்தியம் பேசிய முதல் நாள் டாக்டரம்மாவிடம் நான் பேசியது, ஒரு லாட் பழைய இரும்புக்கு விலை பேசுகிற மாதிரிதான். நாளைக்கே அறுங்க, அஞ்சையும் எடுங்க, குடல்ல இருக்கறதையும் எடுங்க, ஒரே வெட்டா முடிச்சுடுங்க என்றேன். அவர் நாளைக்கு இல்லை, முதலில் சில மாதம் மருந்து என்றார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டேன். விலா எலும்பு கத்தியது, நானும் கத்தினேன். செக்யூரிட்டி ஓடி வந்தார்கள். டாக்டரம்மா ஐந்தடிகூட இருக்க மாட்டார். நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"அவரை வுடுங்க. அவர் காப்பாத்திக்கினு கீறது உங்க உசுரைத்தான்" என்றார். நம்ம பக்கத்துப் பேச்சு. விசாரித்தால் படப்பையில் பிறந்தவராம். "கல்லீரலை எவ்ளோ வெட்டி எடுக்கறேங்கறது எனக்குப் பெரிசில்ல. வெட்டினப்புறம் உள்ள எவ்ளோ நிக்கும்? அதைச் சொல்லாம கத்தி எடுத்தா நான் டாக்டர் இல்ல."

அதைக் கேட்டதும் காலரை விட்டேன். காரணம், அது எனக்குத் தெரிந்த விஷயம். மூடிய ஆலையில் பழைய கூரைச் சட்டத்தை கேஸ் கட்டிங் போடும்போது எங்கே வெட்டுவது என்று நாம் பார்க்க மாட்டோம், வெட்டிய பிறகு எது எதைத் தாங்கி நிற்கும் என்று பார்ப்போம். பார்க்காமல் வெட்டியவன் மேல் மொத்தமும் விழும். வடக்குப்பட்டு பக்கத்தில் என் கண் முன்னால் ஒருத்தன் அப்படி நசுங்கினான். தோள் வரைக்கும்தான் வெளியே இழுக்க முடிந்தது.

திட்டம் இதுதான். என் கல்லீரலில் நான்கு கட்டி வலது பக்கம், ஒன்று சின்னதாக இடது பக்கம். வலது பக்கம்தான் பெரிசு, அதை மொத்தமாக எடுத்தால் மிச்சமிருக்கிற இடது போதாது, போதாதற்கு என் குடியும் அதைக் கொழுப்பேற்றி வைத்திருக்கிறது. அதனால் முதலில் மருந்து ஏற்றுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நான்கு சுற்று முடிந்ததும் ஸ்கேன். மருந்துக்குக் கட்டி சுருங்கினால் ஒரு ஆபரேஷனில் குடலில் உள்ளதையும் இடது பக்கத்துச் சின்னதையும் எடுப்பார்கள். அப்புறம் வலது பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் இடது பக்கம் சில வாரத்தில் பெருக்குமாம். போதுமான அளவு பெருத்தால் இரண்டாவது ஆபரேஷனில் வலது பக்கத்தையே வெட்டி எடுப்பார்கள். மருந்து போட்டும் கட்டி வளர்ந்தால், அறுத்தும் பிரயோஜனமில்லை, வேறு மருந்துக்குத்தான் போகவேண்டும். இதை ஒரு டாக்டர் தனியாக முடிவு செய்வதில்லை. அறுக்கிறவர், மருந்து கொடுக்கிறவர், ஸ்கேன் படிக்கிறவர் எல்லாரும் ஒரு ரூமில் உட்கார்ந்து பேசித்தான் சொல்கிறார்கள். குணமாகுமா என்று கேட்டேன். சிலருக்கு ஆகிறது, நிறையப் பேருக்குத் திரும்பி வருகிறது, திரும்பி வந்தாலும் சிலருக்கு மறுபடி அறுக்க முடிகிறது, உங்களுக்கு எது என்று இன்றைக்குச் சொன்னால் பொய் என்றார். விலை கேட்டவனிடம் இவ்வளவு நேராகப் பேசியவரை நான் வியாபாரத்தில் பார்த்ததில்லை.

மருந்து மூன்று சுற்று ஆகிவிட்டது, நான்காவது நாளைக்கு. நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு பொத்தான் மாதிரி வைத்து அதன் வழியாக ஏற்றுகிறார்கள். மிச்சத்தை ஒரு பாட்டிலில் போட்டு இடுப்பில் கட்டி அனுப்புகிறார்கள், இரண்டு நாள் அது உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். மருந்து என்றால் தடவிக்கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. உள்ளே ஆளை விட்டு அடிப்பதுதான், கட்டியையும் அடிக்கிறது, என்னையும் அடிக்கிறது. குடலைப் பிடித்து முறுக்குகிறது. வாயெல்லாம் புண். குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஷாக் அடிக்கிறது. போன வாரம் விடிகாலையில் யார்டுக்குப் போய், பழக்கத்தில் ஒரு இரும்புச் சேனலை வெறுங்கையால் பிடித்தேன். கரண்ட் கம்பியைப் பிடித்த மாதிரி உதறிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷம் இரும்பைத் தொட்டுப் பிழைத்தவனுக்கு இரும்பைத் தொட முடியவில்லை. கட்டிங் ஆள்கள் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடிப்பேன் என்ற பயம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. அது போகட்டும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக நினைத்தேன்.

இனி உன் விஷயம். உன் தாத்தா மூலச்சூட்டில் செத்தார் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தாறு வயது. அவருக்கும் ரத்தம்தான். மஞ்சள் பூத்து, வயிறு ஊதி, வலியில் கட்டில் சட்டத்தைக் கடித்துக்கொண்டு செத்தார், மரத்தில் பல் தடம் இருந்தது. டாக்டரம்மா குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோது முதலில் இல்லை என்றுதான் சொன்னேன், வீட்டுப் பேச்சை வெளியே விடாத பழக்கம். உங்கம்மாதான் மாமனாருக்கு இருந்தது என்று சொல்லிவிட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உனக்கு என்ன வயது என்று கேட்டார். முப்பத்து மூன்று என்றேன். வழக்கம்போல் நாற்பது வயது வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முதல் நாள் ஒரு பவுடரைக் கரைத்துக் கரைத்துக் குடிக்கவேண்டும், இரவெல்லாம் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடக்கவேண்டும், மானம் போகும், உயிர் போகாது. உள்ளே சின்னச் சதை வளர்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே அதை எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாற வருஷங்கள் ஆகுமாம். எனக்கு அந்த வருஷங்கள் இருந்தன, நான் ஆள்களை அடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன இருக்கிறது என்று தெரியாது, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு துளி ரத்தம் பார்த்தாலும், வயிற்றுப் பழக்கம் மாறினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடு. என்னிடம் சொல்லப் பயமாக இருந்தால் ரோட்டில் போகிறவனிடமாவது சொல்.

ஏழுமலை வீட்டுக்குப் போனேன். நீ சொல்லி அனுப்பியதால்தான் போனேன், நானாகப் போகவில்லை. அவன் மனைவி கதவில் நின்று, இன்னும் இன்னா பாக்கி கீதுன்னு வந்தே என்றாள். காது தையல் போட்டு ஆறியிருக்கிறது, ஆனால் மடல் கோணல். இரண்டு விரல் மடங்கவில்லை. நான் அவன் காலில் விழப் போனேன், இடுப்பில் பாட்டில் தட்டிக் குனிய முடியவில்லை. பாதியில் நின்றேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், தாங்கிப் பிடிக்கவில்லை.

"குனியாத. உன்னால முடியாது" என்றான். "அன்னிக்கு நான் வெளியே ஒருத்தன்கிட்ட சொல்லல அண்ணே. அண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ சாவக்கூடாதுன்னு சொன்னேன். நீ கேட்டிருக்கலாம்."

தெரியும் என்றேன். தெரிஞ்சு இன்னா பண்றது என்றான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது எடைமேடை சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறேன் என்று விசாரித்தான். பூட்டியே கிடக்கிறது என்றேன். உன் மகன் வந்து உட்கார்ந்தால் அவன் கீழே வேலை செய்கிறேன், உன் கீழே இல்லை என்றான்.

மூன்று வாரமாக உங்கம்மா சாப்பாட்டுக் கேரியரோடு நம் இருவருக்கும் நடுவே தூது போய்க்கொண்டிருக்கிறாள். நேற்று வந்து, நீங்க ரெண்டு பேரும் இன்னா இந்தியா பாகிஸ்தானா, எனக்கு முட்டி வலிக்குது, இன்னிக்கே முடிங்க என்றாள். முடித்துவிட்டோம். சேதியாகப் பேசியதைக் காகிதத்தில் எழுதிவிடுவதுதான் நல்லது, வாய்ப்பேச்சை நானே பல தடவை மாற்றியிருக்கிறேன். யார்டுக்குத் திரும்பி வர நீ கேட்டது: ஏழுமலை வீட்டுக்கு நான் போகவேண்டும், உன் அடியால் வந்த நோய் என்று சொன்னது பொய் என்று எல்லாரும் அறியச் சொல்லவேண்டும், யார்டில் இனி யார் மேலும் கை ஓங்கக்கூடாது. முதலாவது ஆகிவிட்டது. இரண்டாவதற்கு இந்தக் கடிதத்தின் பிரதி உன் மாமாவுக்குப் போகிறது, எடைமேடை ரூம் கதவிலும் ஒட்டப் போகிறேன். படித்துவிட்டு எவன் கேட்டுக்கு வந்தாலும் வரட்டும், அடுத்த டெண்டரில் நாம் விலை மட்டும்தான் எழுதுவோம், வந்தால் வந்தது. மூன்றாவதை நான் மீறினால் நீ அன்றைக்கே போகலாம், ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு. நான் கேட்டது: நான்காவது சுற்று முடிந்து ஸ்கேன் வந்ததும் டாக்டர்கள் கூடிச் சொல்கிற நாளில் நீ என் பக்கத்தில் உட்காரவேண்டும், எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிற கேள்விகளை நீ கேட்கவேண்டும், அறுக்கவேண்டாம் என்று அவர்கள் சொன்னால் என்னை அடங்கவைக்கவேண்டும். அதற்கு முன்னால் உன் குடலைப் பார்க்கிற டெஸ்ட் முடிந்திருக்கவேண்டும், ரிசல்ட்டை உங்கம்மா கையில் கொடுக்கவேண்டும். நீ சரி என்று சொல்லி அனுப்பினாய். நானும் சரி. உன் டெஸ்ட் வருகிற திங்கட்கிழமை, என் ஸ்கேன் அதற்கு அடுத்த வியாழக்கிழமை.